தராசு எழுதியது

"இதைக் கேளும்மா. 'மூணாம் மாடி'ங்கிற பேர்ல ஒருத்தர் எழுதியிருக்கார்," என்று மகன் டேப்லெட்டை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கியபோது, டைப்பம்மா கூடத்தில் கணவரின் காலருகே, ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் நாத்தனாருமாக, அசைய வழியில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நாத்தனாருக்குப் பெரிய உடம்பு. துக்கத்தில் அது இன்னும் கொஞ்சம் இடம் எடுத்துக்கொண்டிருந்தது.

"'தராசு ஐயா போய்விட்டார் என்பதை நம்ப முடியவில்லை. ஆறு வருடமாக அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். இந்தக் கடைசி எட்டு மாதத்தில்தான் அவரைப் பிடிக்கவே ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு அவர் கேள்வியைப் பார்க்காமல் நான் பல் துலக்கியதில்லை.' எப்படி எழுதியிருக்கார் பாரு!"

டைப்பம்மா தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள்? அந்த எட்டு மாதக் கேள்விகளை எழுதியது அவள்தான். அந்த வீட்டில் அது அவளுக்கும், இனி வாய் திறக்கப்போகாத அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மூணாம் மாடியை அவளுக்கு நன்றாகத் தெரியும். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் காலுறையைச் சுருட்டி வைப்பதா மடித்து வைப்பதா என்ற விவாதத்தில் நான்கு நாள் விடாமல் மல்லுக்கட்டியது தெரியும். வேலை போனதை வீட்டில் சொல்லாமல் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு பூங்காவில் போய் உட்கார்ந்திருந்ததும் தெரியும். 'இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள், சட்டை துவைக்கிற வேலையாவது மிச்சம்' என்று அவள்தான் எழுதினாள். சொல்லிவிட்டாராம். இப்போது அவர் அவளுக்காக அழுகிறார், பக்கத்தில் படுத்திருப்பவரின் பெயரைச் சொல்லி.

இணையத்தில் அந்த இடத்துக்குப் பெயர் 'சும்மா ஒரு கருத்து'. உலக நடப்பு பேசக்கூடாது, தேர்தல் பேசக்கூடாது; வீட்டுக்குள் கைக்கு எட்டுகிற விஷயம் மட்டும்தான். விதி போட்டவர், அங்கே 'தராசு' என்று பெயர் வைத்துக்கொண்ட அவள் கணவர், தராசுக்காரர். எடை அளவு இலாகாவில் ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறி இறங்கி எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்திய மனுஷன். ஓய்வு பெற்றபின் குத்துவதற்கு ஒன்றும் இல்லாமல் மூன்று மாதம் வீட்டையே சோதித்தார். சோப்பு எத்தனை நாளில் கரைகிறது என்று நாட்காட்டியில் குறித்தார். பிறகு யாரோ இந்த இடத்தைக் காட்டினார்கள். டைப்பம்மா அன்றைக்குத்தான் மூச்சு விட்டாள்.

"இதுக்கு முதலாளியே கிடையாது, தெரியுமா?" என்று பெருமையடிப்பார். பெரிய கம்பெனி எதுவும் நடத்துவதில்லையாம். அங்கங்கே யாராவது ஒருவர் தன் வீட்டிலோ கடையிலோ சின்னதாக ஒரு சர்வர் வைத்துக்கொள்வாராம்; ஒன்றில் எழுதியது மற்ற எல்லாவற்றுக்கும் பிரதி போய்விடுமாம். "இங்க யாரும் யாருக்கும் மேல இல்ல. எல்லாரும் சமம்," என்பார். சொல்லிவிட்டு, டீ ஏன் ஆறிப்போயிருக்கிறது என்று கேட்பார்.

எட்டு மாதம் முன்பு அவருக்கு வாதத்தில் வலப்பக்கம் விழுந்தது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலை, இடது கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார், பிறகு டேப்லெட்டைக் காட்டினார். ஏழாக இரண்டு நிமிடம். ஆறு வருடத்தில் ஒருநாளும் தவறாத கேள்வி. "என்ன கேட்கட்டும்?" என்றாள். அவர் வாயிலிருந்து காற்றுதான் வந்தது.

டைப்பம்மா முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சர். நீதிபதி சொன்னதையும் சாட்சி சொன்னதையும் சொன்னபடி அடித்தவள். சாட்சி உளறினால் உளறலையே அடிக்க வேண்டும். கடைசியில் 'படிக்கக் கேட்டேன், சரி' என்று போட்டு நீட்டினால் அவன் கையெழுத்துப் போடுவான். தன் பங்காக ஒரு காற்புள்ளிகூட சேர்த்ததில்லை. அன்று முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், ஒரு வாக்கியம் அடித்தாள்: 'நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எவ்வளவு நேரம் உட்காரலாம்?' முந்தைய நாள் நாத்தனார் வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போயிருந்தாள்.

நூற்று அறுபது பதில் வந்தது. அவரிடம் வாசித்துக் காட்டினாள். ஒருமுறை இமைத்தால் ஆமாம், இருமுறை இமைத்தால் இல்லை என்று நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "நாளைக்கும் போடவா?" என்றாள். ஒருமுறை இமைத்தார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வெளியூரில் இருக்கும் மகன் போன் செய்தான். அப்பாவோடு பேச்சு நின்று மூன்று வருடமாகியும் அந்தப் பக்கத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தவன். "அப்பா எழுதறாரேம்மா, கை வந்துடுச்சா?" என்று கேட்ட குரலில் அத்தனை சந்தோஷம். "இடது கையால மெல்லத் தட்டறார்," என்று சொல்லிவிட்டாள். சொன்னது சொன்னதுதான், பிறகு அதற்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டியதாயிற்று.

"என்னமோப்பா, என் அண்ணன் இவ்வளவு நயமா எழுதுவாரா?" என்றாள் நாத்தனார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "எனக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பும்போதே 'வரவும்'னு ஒரே வார்த்தைதான் எழுதினவரு."

"அதான் அத்தை எனக்கும் ஆச்சரியம்." மகன் திரையைத் தள்ளிக்கொண்டே போனான். திடீரென்று விரல் நின்றது. "அம்மா. அப்பா போனது விடியக்காலை நாலே முக்கால். ஏழு மணிக்கு ஒரு கேள்வி வந்திருக்கே, எப்படி?"

ஞாயிற்றுக்கிழமைதோறும், மகன் வந்திருந்தபோது அவன் தூங்கிய பிறகு, வாரத்துக்கான ஏழு கேள்விகளையும் அடித்து, தினம் ஒன்றாகத் தானே போகும்படி வரிசையில் வைத்துவிடுவது டைப்பம்மாவின் வழக்கம். இன்று புதன். டேப்லெட் ஆஸ்பத்திரியிலிருந்தே மகன் பையில் மாட்டிக்கொண்டது. அவரை வீட்டுக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இறந்துபோன மனுஷர் ஊரைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்: 'ஈரத் துண்டைக் கதவின் மேல் போடுவது அவ்வளவு பெரிய குற்றமா?'

"முன்னாடியே எழுதி வச்சுட்டாருப்பா. வாரத்துக்கு வேண்டியதை."

"ஐயோ அண்ணா!" என்று நாத்தனார் மார்பில் கை வைத்தாள். "போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டுப் போயிருக்காரே!"

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'அப்பா முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்' என்று அங்கே போட்டான். ஐந்து நிமிடத்தில் அதற்குக் கீழே ஒரு கூட்டமே தேம்பியது.

பத்து மணி வாக்கில் ஒல்லியாக ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றி, ஜோடி சேர்த்து வைத்து, இறந்தவரின் முகத்தைப் பார்த்து நின்றார். மை படிந்த நகங்கள். "சின்னதா ஒரு அச்சகம் வச்சிருக்கேன். 'சும்மா ஒரு கருத்து' நடக்கிற சர்வர் எங்க கடையிலதான், காகிதக் கட்டுக்குப் பின்னாடி ஓடுது," என்றார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். வாசலில் யாரோ வண்டி விஷயமாகக் கூப்பிட, டேப்லெட்டோடு வெளியே போனான். நாத்தனாரும் போன் பேச எழுந்தாள். காலியான நாற்காலியில் அச்சகக்காரர் உட்கார்ந்தார்.



"இன்னைக்குக் காலைக் கேள்வி நல்லா இருந்துச்சும்மா," என்றார் மெல்ல.

"அவர் எழுதி வச்சது."

"சரிம்மா." கையைப் பிசைந்தார். "நான் பக்கம் கோக்கிற வேலைக்காரன். எழுத்தைவிட இடைவெளிதான் முதல்ல கண்ணுல படும். பழைய முறையில தட்டச்சு படிச்சவங்க முற்றுப்புள்ளி வச்சா ரெண்டு தட்டு இடம் விடுவாங்க. திரையில பார்த்தா தெரியாது. சர்வர்ல இருக்கிற மூலத்துல தெரியும். ஆறு வருஷம் தராசு ஐயா ஒரு இடந்தான் விட்டார். எட்டு மாசமா ரெண்டு."

டைப்பம்மா இரண்டு கைகளையும் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"அதுவும் போக, ஐயா தீர்ப்புதான் சொல்வார். யாரையும் 'உங்க வீட்டுல எப்படி'ன்னு திருப்பிக் கேட்டதில்ல."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"நான் ஏம்மா சொல்றேன்? எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிணத்தின் காலருகே உட்கார்ந்து சந்தோஷப்படுவது வெட்கமாகவும் இருந்தது. வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, "அந்தச் சாப்பாட்டுப் பதிவு ஒண்ணு இருக்குல்ல? அதை மட்டும் அழிச்சிட முடியுமா?" என்றாள்.

"எங்க கடையில அழிக்கலாம். ஆனா அது எப்பவோ நூறு சர்வருக்குப் போயிடுச்சு. அழிச்சிடுங்கன்னு தகவல் போகும். கேட்கிறவங்க கேட்பாங்க, கேட்காதவங்ககிட்ட நாம என்ன பண்ண முடியும்? இதுக்குத்தான் முதலாளி இல்லையே." குரலை இன்னும் தாழ்த்தினார். "வரிசையில சனிக்கிழமை வரைக்கும் மூணு கேள்வி நிக்குது. அதை நிறுத்திடறேன். உங்களுக்கு வேற பேர்ல ஒரு கணக்கு திறந்து தரேம்மா. நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

எழுதலாம். விரல் நுனியெல்லாம் ஒரு கணம் துடித்தது. ஆனால் மகன் அங்கேதான் இருக்கிறான். எட்டு மாதமாக ஒரு வரி விடாமல் படித்தவன். எந்தப் பெயரில் எழுதினாலும் நான்காவது வரியில் பிடித்துவிடுவான். பிடித்த கையோடு பின்னால் போய் எல்லாவற்றையும் கணக்குப் போடுவான்.

"எனக்கு எழுதிப் பழக்கமில்லைங்க," என்றாள் டைப்பம்மா. "அடிச்சுத்தான் பழக்கம்."

அச்சகக்காரர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மகன் உள்ளே வந்துவிட்டான்.

"அம்மா, வண்டி பதினோரு மணிக்கு. அதுக்கு முன்னாடி எல்லார் முன்னாடியும் நான் ஒண்ணு வாசிக்கப் போறேன். அந்தச் சாப்பாட்டுப் பதிவு."

"அது எதுக்கு இப்போ?"

"அதைத்தான் வாசிக்கணும்." அவள் முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்துகொண்டான். முப்பது வயதுப் பையனுக்கு மூக்கு சிவந்து பத்து வயது முகம் வந்திருந்தது. "நான் ஏன் அவர்கூடப் பேசாம இருந்தேன்னு உனக்குத் தெரியும்ல? உன்னை வேலைக்காரி மாதிரி நடத்தறார்னு மூஞ்சிக்கு நேரா கேட்டேன். கதவைச் சாத்தினவர் அவர், திரும்பி வராதவன் நான். மூணு வருஷம். அந்தப் பதிவைப் படிச்ச அன்னைக்கு ஆபீஸ் மாடிப்படியில உட்கார்ந்து அழுதேம்மா. அன்னைக்குத்தான் டிக்கெட் போட்டேன். வந்து ஒரு மாசம் அவர் பக்கத்துல உட்கார முடிஞ்சுது. அது இல்லேன்னா இன்னைக்கு நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

அந்தப் பதிவு. மார்ச் மாதத்தில் ஒரு மதியம், அவருக்கு ஊட்டி முடித்து, பாத்திரத்தின் அடியில் கிடந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. ஏன் அன்றைக்கு வந்தது என்று இன்றுவரை தெரியாது. கையைக் கழுவிவிட்டு வந்து, அவர் பெயரில், அவர் குரலில், ஒரே மூச்சில் அடித்தாள். நிறுத்தி யோசிக்கவில்லை. அவர் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொன்னதாகவே போட்டுவிட்டாள்.

இருநூற்றுப் பதினாலு பதில். மறுநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவையும் பதில்களையும் வாசித்தாள், எப்போதும்போல. பாதியிலேயே அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று ஊட்டியதை விழுங்கவில்லை. "அழிச்சிடவா?" என்று கேட்டாள். ஒருமுறையும் இல்லை, இருமுறையும் இல்லை; கண்ணை மூடினார், மூடியபடியே இருந்தார். பத்து நிமிடம் காத்திருந்து பார்த்தாள். அது கோபமா, ஒப்புதலா, அவமானமா, வெறும் களைப்பா? கேட்டுத் தெரிந்துகொள்ளப் பிறகு நான்கு மாதம் இருந்தது. அவளும் கேட்கவில்லை, அவரும் காட்டவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்மா," என்றான் மகன். "கடைசியில அவருக்கு இடது கையும் சரியா வரலைன்னு நர்ஸ் சொன்னாங்க. அந்தப் பதிவு அவ்வளவு நீளம். அப்பா ஜாடை காட்டக் காட்ட நீதானே அடிச்சுக் கொடுத்தே?"

அச்சகக்காரர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தராசுக்காரர் வெள்ளைத் துணிக்குள் நேராக, ஒரு தீர்ப்பும் இல்லாமல் படுத்திருந்தார்.

"ஆமா," என்றாள்.

"அவர் சொன்னபடியேதானே? நீயா எதுவும் சேர்க்கலையே?"

சேர்த்தேன்டா, எல்லாமே நான்தான்டா என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொன்னால் என்ன ஆகும்? ஒரு பொய்க்காரி மிஞ்சுவாள், அது பரவாயில்லை. ஆனால் இந்தப் பையனுக்கு அப்பா மறுபடி போய்விடுவார், இந்த முறை மாடிப்படியில் உட்கார்ந்து அழக்கூட எதுவும் இருக்காது. தான் எழுதிய ஒரே ஒரு உண்மையைத் தன்னுடையது என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தாள் டைப்பம்மா. எழுந்து ஓடலாமென்றால் ஒரு பக்கம் சுவர். மறுபக்கம், போன் பேசி முடித்துவிட்டு நாத்தனார் வந்து நின்றிருந்தாள்.

"சொன்னபடியே," என்றாள். "படிச்சுக் காட்டினேன். சரின்னார்."

மகன் அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவினாள். அச்சகக்காரர் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பதினோரு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. மகன் நடுவில் நின்று வாசித்தான். குரல் முதல் வரியிலேயே உடைந்தது.

"'எங்கள் வீட்டில் முப்பத்தாறு வருடமாக என் மனைவி கடைசியில்தான் சாப்பிடுகிறாள். மிச்சம் இருந்ததா, சூடாக இருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. ஊரில் இருக்கிற தராசையெல்லாம் சோதித்தவன் நான். என் வீட்டில் தட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். உங்கள் வீட்டில் எப்படி?'"

அவன் வாசிக்க வாசிக்க அவள் உதடு, சத்தமில்லாமல், அரை வார்த்தை முந்திக்கொண்டு போனது. அதைப் பார்த்த ஒருத்தி, "மனப்பாடமே பண்ணி வச்சிருக்காங்க பாவம், எத்தனை தடவை படிச்சிருப்பாங்க," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லி அழுதாள். இலாகாவில் அவருக்குக் கீழே வேலை பார்த்த கிழவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "பெரிய மனுஷன்யா," என்றார். "யாருக்கு வரும் இந்த மனசு?"

பிறகு தூக்கினார்கள். டைப்பம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். முப்பத்தாறு வருடம் சேர்ந்து இருந்த மனுஷன். கெட்டவர் இல்லை, கேட்காதவர். அவருக்காகவும் அழுதாள், அந்தப் பதிவை எழுதிய இன்னொருவருக்காகவும் அழுதாள். அந்த இன்னொருவரும் அதே துணிக்குள், அதே வண்டியில் போய்க்கொண்டிருந்தார். யார் எதற்கு அழுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

எல்லாம் முடிந்து திரும்பி, குளித்து, வீடு கழுவி முடிக்க மணி இரண்டாகிவிட்டது. நாத்தனார் பொறுப்பில் சமையல் ஆகியிருந்தது. டைப்பம்மா பழக்கத்தில் கரண்டியை எடுத்துக்கொண்டு பாத்திரத்தருகே போனாள். நாத்தனார் பாய்ந்து வந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

"விடுங்க அண்ணி! இனிமே நீங்கதான் முதல்ல. என் அண்ணன் கடைசியா ஆசைப்பட்டது அதானே."

"எனக்குப் பசியில்ல. நீங்க எல்லாரும் முதல்ல..."

"அம்மா," என்றான் மகன். நாற்காலியை இழுத்துப் போட்டான். "உட்காரு. அப்பாவுக்காக."

உட்கார்ந்தாள். தட்டு வந்தது, தண்ணீர் வந்தது. கூடத்தில் இருந்தவர்கள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர்கள், ஒருவரும் உட்காரவில்லை. சுவர் ஓரமாகவும் கதவருகேயும் நின்று அவளையே பார்த்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

முதல் கவளத்தை வாயில் வைத்தாள். உப்பே போடவில்லை.

"எப்படிம்மா இருக்கு?" என்று மகன் குனிந்து கேட்டான். "உப்பு, காரம் எல்லாம்?"

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"சரியா இருக்கு," என்றாள் டைப்பம்மா.

நாத்தனார் இன்னொரு கரண்டி எடுத்து அவள் தட்டில் போட்டாள். அவள் முழுவதையும் சாப்பிட்டு முடித்து, கை கழுவ எழுந்த பிறகுதான் மற்றவர்கள் உட்கார்ந்தார்கள்.